புரதம் சி

கல்லீரலில் உருவாகி, செயலற்ற நிலையில் இரத்தத்தில் சுற்றிவரும் உறைதல் எதிர்ப்புப் புரதம் இது. வைட்டமின் கே இல்லாமல் முழு வடிவம் பெறாது. 1976இல் ஸ்வீடன் அறிவியலாளர் யோகான் ஸ்டென்ஃப்ளோ மாட்டின் பிளாஸ்மாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதியே இதைத் தூண்டிவிடுகிறது என்பதுதான் வியப்பு. இரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் உள்ள த்ராம்போமாடுலினோடு சேர்ந்ததும் த்ராம்பின் உறையவைப்பதை விட்டுவிட்டு, பக்கத்து ஏற்பி பிடித்துக் கொடுக்கும் புரதம் சியை வெட்டிச் செயலூக்குகிறது. அவ்வாறு ஊக்கம் பெற்ற புரதம், புரதம் எஸ் துணையோடு ஐந்தாம், எட்டாம் உறைதல் காரணிகளைச் சிதைத்து உறைதலைத் தடுக்கிறது.

இதன் இரண்டாவது பணி 2002இல்தான் தெளிவானது. உட்சுவர் செல்களின் மேலுள்ள பார்-1 ஏற்பியை த்ராம்பினும் வெட்டும், ஊக்கம் பெற்ற புரதம் சியும் வெட்டும், விளைவோ நேரெதிர். த்ராம்பின் 41ஆம் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டினால் செல்கள் சுருங்கி, இடையே பிளவு விழுந்து, நீர் கசியும். புரதம் சி 46ஆம் இடத்தில் வெட்டினால் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதத்தின் வழியாக வேறொரு சமிக்ஞை உள்ளே போகிறது. செல்கள் நெருங்கி நிற்கின்றன, அழற்சி தணிகிறது, செல் இறப்பும் குறைகிறது. ஒரே ஏற்பியில் ஐந்து அமினோ அமில இடைவெளி இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது.

கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸ் நிலையில் இந்த ஏற்பாடு குலைகிறது. உட்சுவர் செல்கள் த்ராம்போமாடுலினையும் புரதம் சி ஏற்பியையும் இழக்கின்றன. நுண்குழாய்கள் அடைபடுகின்றன, கசிகின்றன, உறுப்புகள் செயலிழக்கின்றன.

இக்குறையை ஈடுகட்ட, ஊக்கம் பெற்ற புரதம் சியையே மருந்தாக்கி வந்ததுதான் சிக்ரிஸ். எலி லில்லி நிறுவனத் தயாரிப்பு. 2001இல் வெளியான ஆய்வில் 1,690 நோயாளிகளிடையே இறப்பு 30.8 விழுக்காட்டிலிருந்து 24.7 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் பின்னர் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. இரத்தக்கசிவு அபாயமோ தொடக்கம் முதலே இருந்தது. 2011 அக்டோபரில் மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தோல்வியைச் சமிக்ஞைப் பாதையின் தோல்வியாகக் கொள்வது சரியல்ல. சிக்ரிஸில் இரு பணிகளும் பிணைந்தே இருந்தன. செல்களைக் காக்கும் அளவுக்குக் கொடுத்தால் இரத்தக்கசிவும் கூடவே வரும். உறைதல் எதிர்ப்பைப் பெரிதும் நீக்கி, சமிக்ஞைத் திறனை மட்டும் தக்கவைத்த மாற்றுவடிவங்கள் பிறகு உருவாக்கப்பட்டன. அத்தகைய வடிவம் செப்சிஸ் கண்ட எலிகளின் இறப்பைக் குறைத்தது 2007இல் காட்டப்பட்டது. மூன்று லைசின் அமினோ அமிலங்களை மாற்றியமைத்த 3கே3ஏ வடிவம் பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது.