ஆர்மோனியப் பெட்டியின் சாவி

நான் படித்த அரசுப் பள்ளியில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. தலைமையாசிரியர் அறையில், வரைபடங்கள் சுருட்டி வைத்திருந்த பீரோவுக்குள் அது கிடக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பாட்டு டீச்சர் போய்ச் சாவியைக் கேட்பார். சாவி கிடைத்தால் அன்றைக்குப் பாட்டு வகுப்பு. கிடைக்காவிட்டால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு சரளி வரிசை. இசையில் லோயர், ஹையர் இரண்டு தேர்வும் முடித்தவர் அவர். ஆனாலும் எந்த வகுப்புக்கு ஆசிரியர் வராவிட்டாலும் முதலில் அனுப்பப்படுவது அவர்தான். பாட்டு டீச்சருக்கு என்ன வேலை என்ற நினைப்பு.

1988இல் நான் எட்டாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு மதுரை போக வேண்டும். தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை, அது 1996இல்தான் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் மதுரை என்பது விடியற்காலைப் பேருந்து, இருட்டிய பிறகு திரும்புதல். டீச்சர் எனக்கு ஒரு பாட்டை மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் பெரியவளானேன். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். பாட்டிதான் பதில் சொன்னாள்: “இனிமே அவ மேடையில ஏறி என்ன செய்யப் போறா தாயி? நீங்க வேற பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க.” வேறு பிள்ளை யாரும் போகவில்லை. அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து பாட்டுக்கு ஆளே போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

இதைப் பெரிய துயரமாக நான் சொல்ல வரவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அதே வருடம் படிப்பையே நிறுத்தினார்கள், எனக்குப் பாட்டு மட்டும்தான் நின்றது. ஆனால் அதே பள்ளத்தாக்கின் இசை வரலாற்றைப் படித்தபோது ஓரிடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பண்ணைப்புரம் தெரியாத தமிழர் கிடையாது. கோம்பைக்கும் தேவாரத்துக்கும் அருகே, மலையடிவார ஊர். அங்கே பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிவந்தார். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர் ஆகியோர் ஒவ்வொருவராக அந்தக் குழுவில் சேர்ந்தார்கள். 1943இல் பிறந்த ராஜா, பின்னாளின் இளையராஜா, பதினான்கு வயதை ஒட்டி அண்ணனோடு மேடையேறினார். மேடையில் பெண் குரல் வேண்டிய இடங்களில் பாடியது அவர்தான். குரல் இன்னும் உடையாத பையன் அல்லவா, பெண் குரலுக்குப் பொருந்தினார். பிறகு வயது வந்தது, குரல் உடைந்தது, பெண்குரலில் பாட முடியாமல் போனது. அதற்குப் பின்னர் அவர் கை ஆர்மோனியத்துக்குப் போனது. தொடக்கத்தில் அண்ணன் அந்தப் பெட்டியைத் தொடவே விடமாட்டார் என்றும் அடி வாங்கியிருக்கிறேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

நான் புத்தகத்தை மூடியது இந்த இடத்தில். ஒரு பையனுக்கு வயது வந்து குரல் மாறியபோது ஆர்மோனியம் கைக்கு வந்தது. ஒரு பெண்ணுக்கு வயது வந்தபோது, குரலுக்கு ஒன்றும் ஆகாமலே, ஆர்மோனியம் பூட்டப்பட்டது. ஒரே மண், ஒரே ஆற்றுத் தண்ணீர்.

1958ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதல் ஆளாகப் பதவியேற்றவர். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி மறுபடி நின்றார், வென்றார். தொகுதி முழுக்கத் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். அவர்களிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்டவர் பாவலர் வரதராசன். இந்தத் தேர்தலில் அவருடைய பாட்டுக்கு இருந்த பங்கை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். நின்றவர் பெண், கேட்டவர்கள் பெண்கள். ஆனால் அந்தக் காலத்துப் பிரசார மேடைகளில் பெண்ணின் குரல் வேண்டுமென்றால் ஒரு சிறுவனைத்தான் தேட வேண்டியிருந்தது. பாடத் தெரிந்த பெண்கள் அன்றைக்குப் பள்ளத்தாக்கில் இல்லையா?

லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் நாற்று, நடவு, களை. ஒவ்வொன்றுக்கும் பாட்டு இருந்தது. முன்பாட்டுக்காரி ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை முழுக்கத் திருப்பிப் பாடும், வயல் முடிந்தால் குலவை. என் பாட்டியே நல்ல முன்பாட்டுக்காரிதான். மேடை எதற்கு என்று கேட்டாளே, அதே பாட்டி. வயலில் பாடலாம், சாவு வீட்டில் பாடலாம், தொட்டிலடியில் பாடலாம். கூலிக்கும் சடங்குக்கும் பாடுவது பாட்டாகக் கணக்கில் வராது. ஆட்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டுப் பாடுவதுதான் கூடாது. அதிலும் அந்த வயல்களில் பாடியவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அவர்கள் வீட்டு ஆண்களின் பறைக்கே ஊரில் மரியாதை இல்லாதபோது பெண்களின் பாட்டை யார் எழுதி வைப்பார்கள்?

ராஜாவின் அம்மா சின்னத்தாய் பாடிய பாட்டுகளைப் பற்றி இளையராஜா பல மேடைகளில் பேசியிருக்கிறார். 1968இல் மகன்கள் சென்னைக்குக் கிளம்பியபோது அவர் வீட்டு வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பிய கதையும் எல்லோருக்கும் தெரியும். தாயின் தியாகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு அந்த வானொலிதான் நினைவில் நிற்கிறது. பாட்டு தெரிந்த ஒரு பெண்ணின் வீட்டில், வெளியிலிருந்து பாட்டு வரும் ஒரே வழி அதுவாக இருந்திருக்கும். அதை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு வழிச்செலவு. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நாற்றங்கால் வாசனையோடு எஸ். ஜானகியின் குரலைக் கேட்டு ஊரே சிலிர்த்தது. அந்த வாசனை எந்த வரப்பிலிருந்து போனது என்று பள்ளத்தாக்குப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். ராஜாவுக்கு மேடைதான் முதலில் கிடைத்தது, முறையான பாடம் பிறகு. சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் பயிலும்போது அவருக்கு இருபத்தைந்து வயது கடந்துவிட்டது. இருபத்தைந்து வயது ஆண் பாடத்தைத் தேடி ஊரை விட்டுப் போகலாம். அறையெடுத்துத் தங்கலாம், பட்டினி கிடக்கலாம், இரவில் திரும்பலாம். எதிர்ப்பக்கம் மதுரையைப் பாருங்கள். 1916இல் அங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பாடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது, அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். ஆக, பாடம் இருக்கும் வீட்டில் பிறக்க வேண்டும், அல்லது பாடத்தைத் தேடி வெளியே போக முடிய வேண்டும். இரண்டும் வாய்க்காத பெண்ணுக்கு? ஏலக்காய்க் காட்டுக்குப் போகும் அம்மாவின் மகளுக்கு? பாடம் அவளைத் தேடி வந்தால்தான் உண்டு. அது வந்து நிற்கக்கூடிய ஒரே வாசல் அரசுப் பள்ளி.

அந்த வாசலில் என்ன நடந்தது என்பது சுருக்கமான வரலாறு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றது. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாட்கள், மாதம் 5,000 ரூபாய். போராடிப் போராடி 2021இல் 10,000, 2024இல் 12,500 ஆனது. பல ஆண்டுகளாக மே மாதத்துக்குச் சம்பளம் இல்லாமலே இருந்தது. மே மாதத்தில் இந்த ஆசிரியர்களுக்குப் பசிக்காது என்று நினைத்தார்கள் போலும்.

2022–23 கல்வியாண்டில் கலைத் திருவிழா வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். வாய்ப்பாட்டு, கருவியிசை, நடனம், நாடகம், ஓவியம் எல்லாம் உண்டு. மாநிலத்தில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு வட்டாரப் போட்டியில் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் இடுப்பில் துண்டு கட்டிப் பறையடித்ததைப் பார்த்தேன். நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக் கொடுத்தவர் அவர்களில் ஒருத்தியின் தாத்தா. ஊர்ச் சாவுக்கு அடிக்கும்போது கொல்லைப்புறம் நிற்க வைக்கப்பட்ட மனிதர், பள்ளி மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பேத்திகளின் அடவுக்குத் தலைமையாசிரியை எழுந்து நின்று கைதட்டினார். என் பள்ளிக் காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் போட்டி வருடத்தில் சில நாட்கள். மீதி நாட்களில் என்ன? என் கேள்வி அதுதான். மூன்று வருடங்களாக நானும் இரண்டு தோழிகளும் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளோடு உட்காருகிறோம். அமைப்பு என்று பெயர் வைக்கவில்லை. பாட்டு சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார், அவருக்கு ஆட்டோ காசு, போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் காசும் சாப்பாடும், அவ்வளவுதான் எங்கள் செலவு. இதில் தெரிந்துகொண்ட சில விஷயங்கள் எந்த அரசாணையிலும் இருக்காது. சுருதிப் பெட்டி இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது, ஆனால் கைப்பேசி அப்பாவுடையது. அவர் வீட்டில் இருக்கும் நேரம்தான் சுருதி. மாத விலக்கு நாட்களில் சில வீடுகளில் ஆர்மோனியத்தைத் தொட விடுவதில்லை, அது சரஸ்வதியாம். ஆறாம் வகுப்பில் பத்துப் பெண்கள் வந்தால் ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர். நின்றுபோன ஆறு பேருக்கும் குரல் கெட்டுவிடவில்லை.

சென்ற ஆண்டு ஒருத்தி மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். அம்மா குமுளிப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். காலை ஐந்து மணிக்கு ஜீப் ஏறினால் இருட்டத்தான் வருவார். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பிள்ளை பெரியவளானாள். எனக்குத் தகவல் சொன்னவள் அவளுடைய தோழி. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கும் முந்தைய வாசல்படி கண்ணுக்கு முன்னால் வந்தது. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி, கையில் ஏலக்காய்க் கறையோடு அப்போதுதான் வந்திருந்தார்.

“அத்தைமார்க சீர் வைக்கணும்னு நிக்கிறாக. பதினாறு நாள் ஆகணும்கிறாக. நீங்க என்னக்கா சொல்றீக?”

“எனக்கு இதே மாதிரி ஆச்சு. நான் போகலை,” என்றேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறை எளிதில் போகாது. “போட்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

ஒன்பது மணிக்குத் தேனியில் இருக்க வேண்டும் என்றேன். அன்றைக்கு அவர் ஜீப்புக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி போனது. மகளை அவரே பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் மண்டபத்தின் பின்சுவரோரம் நின்றார். மகளின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அடுத்த சுற்றுக்குப் போக அது போதாது.

திரும்பும் பேருந்தில் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார், மகளுக்குக் கேட்காதபடி: “அக்கா, எங்க காட்டுல நாங்களும் பாடுவோம். சனிக்கிழமை எனக்கு லீவு கிடையாது. ஞாயித்துக்கிழமை அந்த டீச்சர் வருவாகளா?”

அன்று இரவே டீச்சருக்குப் போன் செய்தேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வருகிறேன் என்றார். ஆர்மோனியம் இருக்குமிடத்தின் சாவியை இப்போது அந்தப் பிள்ளையிடமே கொடுத்து வைத்திருக்கிறோம்.