ஒன்றுக்கு இருபத்தைந்து

1930ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த வேளையில், ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு போட்டியை அறிவித்தது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட் என்று பெயர். நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் சிறிய மாதிரியை, கொடுத்த வரைபடத்தின்படி, தன் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும். முதன்மைப் பரிசு பல்கலைக்கழகப் படிப்புக்கு 5,000 டாலர் உதவித்தொகை. ஆயிரக்கணக்கான வீடுகளில் அப்பாவுக்கே வேலை இல்லாத காலம் அது. அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. பெண்பிள்ளைகள் கலந்துகொள்ள முடியாது. 1968இல் மூடப்படும் வரை இதுதான் விதி.

மதிப்பெண்ணுக்கு எவற்றைப் பார்த்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மரவேலை, உலோக வேலை, வண்ணப்பூச்சு, இவற்றோடு நான்காவதாக வண்டியின் உள்ளே மெத்தை, திரை, குஞ்சம் எல்லாம் வைத்து முடிக்கும் வேலை. அதாவது தையல். துணியை அளந்து வெட்டி, மடித்துத் தைத்து, உள்ளங்கையளவு இருக்கையில் சுருக்கம் விழாமல் இழுத்துப் பொருத்த வேண்டும். அதே வயதுச் சிறுமி அதே ஊசியைப் பிடித்தால் அதை வீட்டு வேலை என்றார்கள். பையன் பிடித்தபோது கைவினைத் திறன் என்று பரிசு கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

வரலாற்றாசிரியர் ரூத் ஓல்டென்சீல் 1997இல் இந்தக் கில்டைப் பற்றி எழுதிய கட்டுரை பெண்ணியத் தொழில்நுட்ப வரலாற்றில் முக்கியமானது. பையன்களுக்கு எந்திரங்கள்மேல் இயல்பாகவே ஆசை என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த ஆசையைப் பணம் செலவழித்து, போட்டி வைத்து, பதக்கம் கொடுத்து, பல்லாண்டுகள் வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது என்பதை அவர் ஆதாரங்களோடு காட்டினார். 1937 முதல் குதிரை வண்டியோடு எதிர்காலக் கார் மாதிரிகளும் போட்டியில் சேர்ந்தன. போருக்குப் பின் கார் மட்டுமே நின்றது. 1947இல் பரிசு வாங்கிய சார்ல்ஸ் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். ஆக, விளையாட்டுப் போல நடந்த ஒரு காரியம் வேலைக்கு ஆளெடுக்கும் வாசலாகவும் இருந்தது. அந்த வாசலில் நிற்கக்கூட நம்மவர்களுக்கு இடமில்லை.

நான் பழைய பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டுகளைக் கட்டுகிறேன், பழுதுபார்க்கிறேன். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தேடிப் போனபோதுதான் கில்டின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

பிளாஸ்டிக் கிட் போருக்குப் பிந்தைய பிள்ளை. 1948இல் வெஸ்ட் கேலாக்லி என்ற வழக்கறிஞர் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், முதலில் கார் விற்பனையாளர்களுக்கான விளம்பர மாதிரிகளைச் செய்தது. புதிய கார் வாங்க வருபவரிடம் காட்டவும், அவர் பிள்ளைக்குக் கொடுக்கவும். 1958இல் அதே அச்சுகளைக் கொண்டு, வாங்குபவரே ஒட்டிச் சேர்க்கும் கிட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒரே பெட்டியில் மூன்று வழி: ஷோரூமில் இருப்பதைப் போலவே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம். அளவு ஒன்றுக்கு இருபத்தைந்து. நாலரை மீட்டர் நீளக் கார் 18 சென்டிமீட்டருக்குச் சுருங்கும். டெட்ராய்ட்டில் ஜோ-ஹான், சிகாகோவில் மோனோகிராம், கலிஃபோர்னியாவில் ரெவெல் என்று போட்டி நிறுவனங்களும் இருந்தன.

கில்டின் மாதிரிக்கு நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு வேண்டும். கிட்டுக்கு ஒரு கத்தியும் ஒரு பசைக் குழாயும் போதும். பெண்கள் வாங்கக் கூடாது என்று எந்தப் பெட்டியிலும் அச்சிடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பையன்களுக்குப் பட்டறை வகுப்பு, பெண்களுக்குச் சமையலும் தையலும். கல்வியில் பால்வேறுபாட்டைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1972இல்தான் வந்தது. பெட்டிப் படங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1967இல் வந்த பேட்டில்ஷிப் என்ற விளையாட்டின் பெட்டியைத் தேடிப் பாருங்கள். இது கார் கிட் இல்லைதான், ஆனால் ஒரே கடையின் பக்கத்து அலமாரி. முன்னால் அப்பாவும் மகனும் சிரித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். பின்னால் சமையலறையில் அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவுகிறார்கள். விளையாட்டை விற்க அந்தப் பாத்திரங்கள் எதற்கு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பழைய கிட்டை மீட்பது எப்படி என்று சொல்கிறேன். பெரும்பாலும் கைக்கு வருவது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு குழந்தை பசையை அள்ளி அப்பிக் கட்டிய கார். அந்தப் பசை ஒட்டுவதோடு நிற்காது, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தெடுத்தால் பழைய பசை நொறுங்கத் தொடங்கும்; மெல்லத் திருகிப் பிரிக்கலாம். பெயின்ட்டைக் கரைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பம்பரின் மங்கிப்போன குரோம் பூச்சு துணி வெளுக்கும் பிளீச்சில் போய்விடும். கீறல் விழுந்த கண்ணாடியைப் பற்பசை தெளிவாக்கும். மஞ்சளித்த ஸ்டிக்கர் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் விட்டால் வெளுக்கும். தீர்க்கவே முடியாத நோயும் ஒன்று உண்டு. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தையே அரித்துவிடும். உருகிய சக்கரத்துக்கு மாற்று தேட வேண்டியதுதான். கருவிகளின் பட்டியலைக் கவனித்தீர்களா? ஃப்ரீசர், பிளீச், பிரஷ், பற்பசை. முக்கால்வாசி சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் இருப்பவை. வழிகாட்டி நூல்களில் ஏறியதும் இவை தொழில்நுட்பம் ஆகிவிடுகின்றன.

இப்படி வரும் கார்களை விற்பவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள்: ஏதோ ஒரு பையன் கட்டியது. என்னிடம் உள்ள 1966 மஸ்டாங் ஒன்றின் அடித்தட்டில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முதலெழுத்துகள் மட்டும். அதை வைத்துப் பையன் என்றும் சொல்ல முடியாது, பெண் என்றும் சொல்ல முடியாது. ஆதாரம் பேசாத இடத்தில் ஆணை நிரப்பிக்கொள்வது வரலாறு எழுதுவோரின் பழைய பழக்கம். அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். இரண்டு எழுத்தின் மேலும் பெயின்ட் பூசவில்லை.

அதே மஸ்டாங்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அசல் காரின் வடிவத்தை உருவாக்கிய ஃபோர்டு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜோ ஓரோஸ். கார் வரலாற்று நூல்கள் அவரைக் கொண்டாடுகின்றன. அவருடைய மனைவி பெட்டி தாட்சர் 1939இல் ஹட்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்கக் கார் நிறுவனம் ஒன்றில் முழுநேர வடிவமைப்பாளராகப் பணியாற்றிய முதல் பெண் என்று குறிப்பிடப்படுபவர் அவர். 1941இல் திருமணம். கணவர் அப்போது போட்டி நிறுவனமான கேடிலாக்கில் இருந்தார். ஒரே வீட்டில் இரண்டு போட்டி நிறுவனங்கள் இருக்கக் கூடாது என்று ஆனபோது வேலையை விட்டவர் பெட்டி. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வியப்பே வராமல் போவதுதான் என்னை உறுத்துகிறது.

1960களின் தொடக்கக் கிட்டுகளில் காரின் உட்புறம் ஒரு தொட்டி போல ஒரே வார்ப்பாக இருக்கும். சீட், கதவின் உள்பக்கம், தரை எல்லாம் சேர்ந்தது. சீட்டின் தையல் கோடுகள் மயிரிழையாகப் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். குழந்தைகள் கட்டியவற்றில் இந்தத் தொட்டிக்குத் தடிப்பாக ஒரே வண்ணம் அடித்திருப்பார்கள், கூரை மூடினால் தெரியாதே என்று. அந்தப் பூச்சைக் கரைத்துக் கோடுகள் வெளிவருவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம். ஏனென்றால் டெட்ராய்ட் பெண்களை உள்ளே விட்ட இடம் அதுதான்: சீட், துணி, வண்ணம். ஹெலீன் ரோதர் 1943இல் ஜெனரல் மோட்டார்ஸில் உட்புற வடிவமைப்பாளராகச் சேர்ந்து, பின்பு தனி நிறுவனம் நடத்தி நாஷ் கார்களுக்கு உட்புறம் செய்தார். 1950களின் நடுவில் ஹார்லி ஏர்ல் ஒரு பெண்கள் குழுவையே வேலைக்கு எடுத்தார். விளம்பரத் துறை அவர்களுக்கு 'டேம்ஸல்ஸ் ஆஃப் டிசைன்' என்று பெயர் வைத்தது. கிட்டத்தட்ட வடிவமைப்பு மங்கையர் என்று சொல்வதைப் போல. பெண்கள் அதை வெறுத்தார்கள். 1958இல் அவர்களுடைய கார்களை ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். ரூத் க்ளெனியின் கார்வெட்டுக்கு நான்கு பருவத்துக்கும் நான்கு சீட் உறைகள். அந்த ஆண்டின் இறுதியில் ஏர்ல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் பெண்களை விரும்பவில்லை. பெரும்பாலோர் வெளியேறினார்கள், சூசன் வாண்டர்பில்ட் மட்டும் 1977 வரை அங்கேயே உழைத்தார்.

ஆக, ஒரு கிட்டின் உட்புறத்தில் நான் கழுவி வெளிக்கொணரும் கோடு ஆண் வரைந்ததாகவும் இருக்கலாம், இவர்களில் ஒருவர் வரைந்ததாகவும் இருக்கலாம். பெட்டி சொல்லாது. வெளிப்பக்கத்தின் வளைவுகளுக்கு மட்டும் உரிமையாளர் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

கிட் நிறுவனங்களின் மேல்மட்டத்தில் பெண் இருந்ததே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ரெவெலை நிறுவிய லூயிஸ் கிளேஸர் 1972இல் இறந்தபோது அவர் மனைவி ராய்ல் கிளேஸர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1979இல் ஒரு பிரெஞ்சு பொம்மை நிறுவனத்துக்கு விற்கப்படும் வரை உலகின் மிகப் பெரிய கிட் நிறுவனங்களுள் ஒன்று அவர் கையில் இருந்தது. சேகரிப்பாளர்களின் பேச்சில் நிறுவனர் கணவரும் பெட்டி ஓவியர்களும் அடிக்கடி வருவார்கள். ராய்லைப் பற்றி நான் கேட்டது மிகக் குறைவு.

ஏஎம்டியை 1978இல் வாங்கியது இங்கிலாந்தின் லெஸ்னி. மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த நிறுவனம். அந்தக் கார்களின் தொடக்கத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று அவள் பள்ளியில் விதி. லெஸ்னியில் இருந்த அப்பா ஜாக் ஓடெல் அவளுக்காகச் சின்னஞ்சிறு ரோடு ரோலர் ஒன்றைச் செய்து கொடுத்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953இல் அது விற்பனைக்கு வந்தது. பிறகு உலகமெங்கும் பையன்களுக்கான பொம்மை என்றே விற்றது. லண்டனின் ஹாக்னி ஆலையில் அதை வண்ணம் பூசிப் பெட்டியில் அடைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1982இல் லெஸ்னி நொடித்தது. ஏஎம்டியின் எஃகு அச்சுகள் வேறு நிறுவனத்துக்குக் கைமாறின. அவற்றில் பல இன்றும் பிளாஸ்டிக் வார்த்துக்கொண்டிருக்கின்றன. ஹாக்னிப் பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள்.