பிரசவ அறையில் ஒரு பொம்மை

கல்வராயன் மலையிலிருந்து வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி, வெள்ளிமலைப் பாதையில் இறக்கிக் கொண்டுவந்த காலத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதே 2008-இல்தான். எங்கள் பக்கத்துச் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன் கைமீறிப் போனால் முண்டியம்பாக்கம், சேலம், ஜிப்மர் மருத்துவமனைகள்தான். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் உதிரம் கொட்டும் தாய்க்கு அவ்வளவு தூரம் தாங்காது.

இந்த ஆபத்தைப் பொம்மையில் பழகலாம் என்று காட்டியவர் ஒரு மருத்துவச்சி. பிரான்ஸ் நாட்டு மேடம் து கூத்ரே. 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை கிடைத்ததும் ஊர் ஊராகப் போய், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுப்புறப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். துணியாலும் தோலாலும் தைத்த இடுப்பு, விரிந்து சுருங்க நாடாக்கள், பிறந்த குழந்தை அளவில் ஒரு பொம்மை. சிவப்பு நீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, சமயம் பார்த்துப் பிழிந்து உதிரப்போக்கையும் காட்டினார்! எழுத்தறியாதவர்களும் கையாலேயே கற்றார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

நாங்களும் பயிற்சிப் பள்ளியில் பொம்மையில்தான் படித்தோம். ஆனால் ஆளுக்கு ஒரு முறை, தனித்தனியாக. நிஜத்தில் உதிரம் கொட்டும்போது அறையில் நாலு பேர் இருப்போம். நாலு பேரும் வயிற்றைத் தேய்க்க ஓடுவோம், ரத்த வங்கிக்குப் போன் போட ஆள் இருக்காது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர சவுத்மீட் மருத்துவமனையில் 2000 முதல் டாக்டரும் மருத்துவச்சியும் சேர்ந்தே ஒத்திகை பார்க்கிறார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்ததை 2008-இல் வெளியிட்டார்கள்.

உதிரப்போக்கு ஒத்திகையில் ஒருவர் தலைமை ஏற்பார். "சிஸ்டர், ஆக்ஸிடோசின் பத்து யூனிட் தசையில் போடுங்க" என்பார். சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு, "பத்து யூனிட் போட்டாச்சு" என்று உரக்கச் சொல்வார். ஒருவர் நேரத்தைக் குறிப்பார். நனைந்த துணியை எடைபோட்டு உதிரத்தைக் கணக்கிடுவார் இன்னொருவர்; கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஆயாம்மாவுக்கும் வேலை உண்டு, ரத்த மாதிரியோடு ஓடுவது அவர்தான்.

பிரசவ அறையில் இருக்கும் தங்கைகளே, மாதம் ஒருமுறை, உங்கள் அறையிலேயே, டியூட்டியில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து இதைச் செய்து பாருங்கள். ஆயாம்மாவையும் ஆம்புலன்ஸ் தம்பியையும் விட்டுவிடாதீர்கள்.