இரத்தச் சர்க்கரைச் சமநிலை

இரத்தத்திலுள்ள குளுக்கோசின் அளவை ஒரு குறுகிய எல்லைக்குள் உடல் நிலைநிறுத்தும் செயல்முறை. எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாத, நலமுள்ள ஒருவருக்கு இந்த அளவு டெசிலிட்டருக்கு 70 முதல் 99 மில்லிகிராம் வரை இருக்கும். அப்போது உடல் முழுவதும் இரத்தத்தில் சுற்றுவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ்தான். ஆனால் மூளைக்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் தேவை. ஆகவே வரவும் செலவும் ஓயாமல் சரிக்கட்டப்படுகின்றன. இது குலைந்து சர்க்கரை உயர்ந்தே நிற்பது நீரிழிவு.

இயங்கும் முறை

உணவிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. உடனே கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உறிஞ்சுகின்றன. கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. வயிறு காலியானதும் ஆல்பா செல்கள் சுரக்கும் குளுக்ககான் அந்தச் சேமிப்பைக் கரைக்கச் செய்கிறது. அதுவும் குறைந்தால் அமினோ அமிலங்கள் முதலியவற்றிலிருந்து கல்லீரலே புதிதாகக் குளுக்கோஸ் ஆக்கிக்கொள்ளும். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

வட்டார உணவு

சர்க்கரை ஏற இனிப்புதான் தின்ன வேண்டும் என்பதில்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளில் விளையும் மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே தோல் நீக்கி அரைத்துப் பாலை வடிகட்டுவர். தொட்டியின் அடியில் படியும் மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பர். நார் திப்பியாக ஒதுங்கிவிடும்; எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்தே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியில் புரதம் மிகச் சொற்பம். வெல்லம் சேர்க்காத ஜவ்வரிசிக் கஞ்சியும் குடலில் குளுக்கோஸாகவே முடிகிறது. இதற்கு நேர்மாறானது நாமக்கல் முட்டை: ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. கொல்லிமலைச் சாமையும் தினையும் மாவுச்சத்து மிக்கவைதான். ஆனால் தவிடு போகத் தீட்டாதவரை நார் தங்குவதால் செரிமானம் மெதுவாகும்.

நீரிழிவில் நேரும் மாற்றங்கள்

முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசியின்றி உயிர்வாழ இயலாது. பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் இருந்தும் திசுக்கள் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. ஈடுகட்ட மிகுதியாகச் சுரந்த பீட்டா செல்கள் காலப்போக்கில் தளர்கின்றன. கல்லீரலும் இன்சுலினுக்கு அடங்காமல் இரவெல்லாம் குளுக்கோஸை வெளியிடுவதால், இரவு சாப்பிடாமல் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை கூடுதலாக இருக்கலாம். அளவு சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடியாது. சிறுநீரில் கழியும் சர்க்கரை நீரையும் இழுத்துச் செல்வதால் அடிக்கடி சிறுநீரும் தாகமும் உண்டாகின்றன. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவை பழுதடையும்.

கண்டறிதலும் மருத்துவமும்

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி எனும் இரத்தப் பரிசோதனையில் 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்பவை நீரிழிவின் அளவுகோல்கள். அறிகுறி இல்லாதவருக்கு மறுபரிசோதனையில் உறுதி செய்வது வழக்கம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் அபாயமும் உண்டு. வேளை தவறிச் சாப்பிடும் நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு இது முக்கியம். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையெனில் மீண்டும் அதே அளவு உட்கொள்ள வேண்டும்.