மெய்ப்புப் பார்த்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்று கைப்பேசியில் பெயரைத் தட்டினால் சிலப்பதிகாரம் முழுவதும் வந்து நிற்கிறது. அது தானாக அங்கே போய்ச் சேரவில்லை. யாரோ கூலி வாங்காமல் அடித்தார்கள், யாரோ எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்கள்.

1971 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் தம் நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்தார். குட்டன்பர்க் திட்டம் அப்படித்தான் தொடங்கியது. நெடுங்காலம் ஆமை வேகம்தான். 2000இல் சார்லஸ் ஃபிராங்ஸ் ஒரு எளிய வழி கண்டார்: நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலரிடம் கொடுப்பது. திரையில் ஒருபுறம் பக்கத்தின் படம், மறுபுறம் கணினி படித்த எழுத்து. ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், பிறகு அதே பக்கத்தை இன்னொருவர் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலும் போதும் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

தமிழில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம். துணை நின்றவர் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன். அப்போது ஒருங்குறி பரவவில்லை. ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அந்தக் காலத்தில் சங்க இலக்கியத்தை உட்கார்ந்து அடித்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். மதுரைத் திட்ட நூல்களின் முகப்பில் அடித்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். நாம் அதைத் தாண்டி நேரே நூலுக்குப் போய்விடுகிறோம்.

பிறகு தமிழ் விக்கிமூலம் வந்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் வருடிய கோப்புகளாக அங்கே ஏறின. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், வேறொருவரும் பார்த்து ஒப்பினால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. தேர்வுத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழில் என்ன தொல்லை என்றால், கணினிக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். 'காலம்' 'கரலம்' ஆகும். இது பரவாயில்லை, பார்த்ததும் பிடிபடும். 'க' 'சு'வாக மாறுவதுதான் ஆபத்து. 'கடும் வெயில்' 'சுடும் வெயில்' ஆகிவிட்டால் பொருளும் பொருந்துகிறது, கண் ஏமாந்துவிடும். அந்தப் பிழையோடு நூல் ஆயிரம் இடத்துக்குப் பரவினால், ஆசிரியர் எழுதாத சொல் அவர் பெயரில் நிலைத்துவிடும். உ.வே.சா. சுவடிகளில் பட்ட பாட்டின் சின்னத் தம்பி இது.

இன்னொரு விதி: மூலத்தில் உள்ளது உள்ளபடியே வேண்டும். சந்திப்பிழை கண்டாலும் கை வைக்கக் கூடாது. தமிழாசிரியர்களுக்குக் கை துறுதுறுக்கும்தான்!

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். கணினி அங்கே தடுமாறுகிறது, இளையவர்களும் தயங்குகிறார்கள். அந்த எழுத்தில் பாடம் படித்த தலைமுறை நாம்தான், நமக்கும் வயதாகிறது. ஆகவே அண்ணன்மார், அக்காமார், என் முதல் சில வகுப்புப் பிள்ளைகள் முதலில் வாருங்கள். கருத்துப் பகுதியில் பெயர் எழுதுங்கள். கணக்குத் தொடங்குவது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன்.