உள்ளிருந்து திறக்கும் கதவு

மாட்டு வண்டிக்குக் கதவு கிடையாது, குடைசாய்ந்தால் குதித்துவிடலாம். கதவும் தாழ்ப்பாளும் உள்ள வண்டியில் மக்கள் கூட்டமாக ஏறியது ரயில் வந்த பிறகுதான். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அந்த ரயில் அரியலூர் வழியாகப் போனது.  

1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூரைக் கடந்து போகையில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்தது. பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர்ச் சீமை வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் சேரும் ஆறு அது. என்ஜினும் ஏழு பெட்டிகளும் அதில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். விபத்தை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அந்த விலகலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இருட்டில், தண்ணீரில், சரிந்து கிடக்கும் பெட்டியிலிருந்து ஒருவர் எப்படி வெளியே வருவார் என்ற கேள்வி பேச்சில் வருவதே இல்லை. வரவேண்டிய கேள்வி அது.

ஏசி இல்லாத இந்திய ரயில் பெட்டிகளின் ஜன்னல்களில் குறுக்குக் கம்பிகள் உண்டு. திருடன் கையை நுழைக்காமல், குழந்தை தவறி விழாமல் அவை காக்கின்றன. பெட்டி கவிழ்ந்தாலோ அவையே சிறைக் கம்பிகள். அதனால் பெட்டிக்குச் சில ஜன்னல்கள் சிவப்பு வண்ணம் பூசி அவசர வழியாக ஒதுக்கப்பட்டன. அவற்றின் கம்பிச் சட்டத்தைக் கையால் மேலே தூக்கிவிடலாம்.

பேருந்தின் கதை வேறு. டவுன் பஸ்களில் நெடுங்காலம் கதவே இல்லை. படிக்கட்டில் தொங்கி விழுந்து உயிர்விட்டவர்கள் பலர். அதைத் தடுக்க, டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் காற்றழுத்தத்தில் மூடித் திறக்கும் கதவு வந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஒன்றை மறக்கவில்லை: கதவருகே ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருப்பினால் ‘புஸ்’ என்று காற்று இறங்கிவிடும். பிறகு கதவைக் கையால் தள்ளலாம். ‘அவசர வழி’ என்று எழுதிய வேறொரு திறப்பும் உண்டு. கண்ணாடி முழுக்க மூடிய ஏசி பேருந்துகளில் அதற்குப் பதில் ஒரு சுத்தியல். 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற சொகுசுப் பேருந்து பாலெம் என்ற ஊரருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். கண்ணாடியை உடைத்து வெளியேறிய சிலர் பிழைத்தார்கள்.

கார் கதவில், உள்ளே மாட்டிக்கொள்ளும் இந்தச் சிக்கல் வெகுகாலம் எழவில்லை. அம்பாசடரில் உள்கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி லாக்கை விடுவிக்கும், அவ்வளவுதான். பேட்டரி செத்தாலும் கதவு திறக்கும். 2012இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் வெளிக்கைப்பிடி கதவோடு கதவாகப் பதிந்து, தேவைப்படும்போது மட்டும் நீண்டது. காற்றின் எதிர்ப்பு குறையும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கூடும் என்பது காரணம். கூடும் தூரம் சொற்பம். அழகுக்காகத்தான் அது பரவியது. 2024இல் டாடா கர்வ் அதே பாணிக் கைப்பிடியோடு இந்தியச் சாலைக்கு வந்தது.

கைப்பிடி பதிந்திருப்பதைவிடப் பெரிய ஆபத்து, லாக்கை மோட்டார் திறப்பதில் இருக்கிறது. அந்த மோட்டாருக்கு மின்சாரம் தருவது காரை ஓட்டும் பெரிய பேட்டரி அல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரி. மோதலில் அது துண்டிக்கப்பட்டால் பொத்தான் வேலை செய்யாது. வெளியே உதவிக்கு வருபவர் பிடித்து இழுக்கவும் ஒன்றும் இருக்காது. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 1,74,000 டெஸ்லா மாடல் ஒய் கார்கள் பற்றி விசாரணை தொடங்கியது. புகார் இதுதான்: பின்னிருக்கையில் குழந்தை உள்ளே, பெற்றோர் வெளியே, கதவு திறக்கவில்லை. சிலர் கண்ணாடியை உடைத்தே குழந்தையை எடுத்தார்கள். கையால் திறக்கும் வழியே இல்லாத கார்கள் அல்ல இவை. சில மாடல்களில் பின்கதவின் இழுகம்பி, கதவுப் பையின் அடியிலுள்ள விரிப்பைத் தூக்கினால்தான் தெரியும். புகைக்கு நடுவே அதை யார் தேடுவார்?

இதற்கு முதலில் சட்டம் போட்டது சீனா. 2027 ஜனவரி 1 முதல் அங்கே வரும் புதிய மாடல்களில் உள்ளும் புறமும் மின்சாரமின்றித் திறக்கும் கைப்பிடி கட்டாயம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மாடல்களுக்கு 2029 வரை அவகாசம். அதற்குள் விற்றுப்போன கார்களில், இழுகம்பி எங்கே என்று பின்னிருக்கையில் உட்காருபவருக்கும் வண்டிக்காரரே ஒருமுறை இழுத்துக் காட்டவேண்டியிருக்கிறது.