சிறைக்கு ஆயத்தம்

1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள் என்பதும், மறுநாள் அந்நகரத்தில் கடைகள் அடைபட்டு, அரசாங்கக் கட்டிடங்கள் தீக்கிரையாகி, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள் என்பதும் நம் சரித்திரம் படித்தோர் அறிந்தவையே. அறிந்திருந்தும் நாம் அதிகம் பேசாதது அதற்குப் பின்பு நடந்த கதை. பிள்ளையவர்களுக்கு ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே விதித்த கொடிய ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்து, கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அவர் சிறைவாசம் செய்து 1912 டிசம்பரில் வெளிவருவதற்குள், 1906இல் அவர் அரும்பாடுபட்டு நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்துபோயிற்று. குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. சிறை தந்த தொழுநோய் சிவாவின் உடலை அரித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடியிலோ பிள்ளையவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர ஒருவரும் இல்லை. இதற்காக அப்பெருமகன்மேல் குறை கூறுவது என் கருத்தன்று. அக்காலத்துத் தேசபக்தர்களுக்குக் கைது என்பது இடி விழுவதைப்போல. விழுமென்று தெரியும், ஆயினும் விழுந்தபின் என்ன செய்வதென்று எவரும் முன்கூட்டி உட்கார்ந்து யோசித்ததில்லை.

விந்தை என்னவென்றால், அதே 1908ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் டிரான்ஸ்வாலில், பெரும்பாலும் தமிழர்களான சில்லறை வியாபாரிகளும் கூலித் தொழிலாளரும் அந்த யோசனையைத் தொடங்கியிருந்தார்கள் என்பதே. ஆசியர்கள் விரல்ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்து அங்கே எழுந்த இயக்கத்தில், காந்தியடிகள் அவ்வாண்டு ஜனவரியில் ஜோஹானஸ்பர்க் நீதிமன்றத்தில் நின்று, தாம் வழக்கறிஞராக வாதாடிய அதே மண்டபத்தில் வாதாடாமல், கடுந்தண்டனையே தமக்குத் தரவேண்டுமென்று கேட்டு இரண்டு மாதச் சிறை பெற்றார். நீதிமன்றத்திற்குள் நுழைபவன் தப்புவதற்கு வழி தேடுவான் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட ஒரு யந்திரம், தப்ப விரும்பாத மனிதனைக் கண்டு எவ்வாறு திகைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு, கைதாக விரும்பியவர்கள் லைசென்சு இல்லாமல் கூடையில் பழமும் காய்கறியும் சுமந்து தெருவில் விற்றார்கள். அபராதம் விதித்தால் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார்கள். வெளிவந்ததும் மறுபடியும் கூடையைத் தூக்கினார்கள். தம்பி நாயுடு இவ்விதம் சிறைக்குப் போய்வந்த தடவைகள் பல. நாகப்பன் என்ற இளைஞன் 1909இல் குளிர்காலச் சிறையின் கொடுமையால் விடுதலையான சில நாளில் இறந்தான். ஆகவே இது விளையாட்டுமன்று.

சிறைக்குப் போகிறவனுடைய மனத்திண்மையைப் பற்றி நாம் பெரிதும் பேசுகிறோம். அவன் போனபின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும் என்ற கேள்வியை அவனுடைய மனைவியன்றி எவரும் கேட்பதில்லை. டிரான்ஸ்வாலில் அந்தக் கேள்வி முதலில் மாதாந்தர உதவிப் பணத்தால் சமாளிக்கப்பட்டது. பணமோ கரைந்துகொண்டே போயிற்று. போராட்டத்திற்கு முடிவுநாள் தெரியவில்லை. 1910இல் கல்லென்பாக் என்ற ஜெர்மானியக் கட்டிடக் கலைஞர், லாலி ரயில் நிலையத்திற்கு அருகில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுக்க, அங்கே டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சிறையிலிருப்போரின் மனைவி மக்கள் அங்கே ஒரே சமையலில் உண்டு, செருப்புத் தைத்து, மரவேலை கற்று வாழ்ந்தார்கள். ஜோஹானஸ்பர்க்குக்கு இருபத்தொரு மைல் நடந்தே போய்வந்தார்கள். வாழ்க்கை முறையே சிறைவாழ்க்கைக்கு ஏறக்குறைய நெருங்கிவிட்டபடியால், சிறையின் பயங்கரம் பாதி குறைந்தது. அரசாங்கமும் சும்மாயிருக்கவில்லை. சத்தியாக்கிரகிகளைக் கப்பலேற்றி, பலர் முன்பின் பார்த்தறியாத சென்னைத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அங்கே அவர்களை எதிர்கொண்டு, இடமும் உணவும் அளித்துப் பேணியவர் ஜி. ஏ. நடேசன். ஆயத்தம் என்பது இவ்வளவு தூரத்துக்கு, ஒரு சமுத்திரத்தின் இரு கரைகளுக்கும், நீண்டிருந்தது.

இந்த அநுபவம் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து வேர்கொள்ள இருபது ஆண்டுகள் பிடித்தன. இடையில், ராஜாஜி என்று வழங்கும் ராஜகோபாலாச்சாரியார் 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு பின்னர் அச்சாயிற்று. சிறையின் அன்றாட வாழ்வை வெளியுலகிற்கு எடுத்துக்காட்டும் இத்தகைய எழுத்துக்கள், மனிதனுக்கு அறியாததன்மேல் உள்ள பயத்தைப் போக்கியதில், எந்த மேடைப் பிரசங்கத்தையும்விட அதிகம் செய்தன என்பது என் எண்ணம்.

1930 பிப்ரவரி மாதம் 27ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் காந்தியடிகள் வெளியிட்ட சத்தியாக்கிரக விதிகள், தண்டி யாத்திரை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு வந்தவை. அவற்றை ஒரு போர்ப்பிரகடனமாக எதிர்பார்த்துப் படிப்பவர் ஏமாறுவார். கைதுசெய்ய வந்தால் தானே உட்பட வேண்டும். தன் சொத்தை ஜப்தி செய்ய வந்தால் தடுக்கலாகாது. ஆயினும் பிறர் நம்பி ஒப்படைத்த பொருளாயின் உயிரே போனாலும் கொடுக்கலாகாது, கொடாமலிருக்கும்போதும் கை ஓங்கலாகாது. சிறையில் சுயமரியாதைக்கு முரண்படாத விதிகளுக்கெல்லாம் மரியாதையுடன் கீழ்ப்படிய வேண்டும். மற்றக் கைதிகளுக்கு இல்லாத சலுகை கேட்கலாகாது. தன்னை நம்பியிருப்போருக்கு இயக்கம் சோறுபோடும் என்று எதிர்பார்க்கலாகாது. இக்கடைசி விதி கடுமையானது. டால்ஸ்டாய் பண்ணை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போதும். லட்சக்கணக்கானவர்கள் சிறை புகும் இயக்கத்தில் எந்தக் காங்கிரஸ் கஜானாவும் தாங்காது என்பதை அவர் கணக்கிட்டுவிட்டார் போலும். வீட்டுக்கு வழி செய்துவிட்டு வா, இல்லையேல் வராதே என்பதுதான் அதன் பொருள். இதனால் வசதியுள்ளவர்களும் பிரமசாரிகளும் முன்னணியில் நின்றார்கள் என்று ஒருவர் குறைகூறினால், அதை முற்றிலும் மறுக்க என்னால் இயலாது.

திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து, 1930 ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் ராஜாஜி உப்புச் சட்டத்தை மீற வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டார். 150 மைல் தூரம். நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் நடை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று காவிரிப் படுகையைக் கடந்து செல்லும் வழி. நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை இதற்கென்றே இயற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு தொண்டர்கள் நடந்தார்கள். தங்கிய ஊர்களில் தெருக்கூட்டுவதும், தீண்டாமையொழிப்பைப் பேசுவதும், கதரைப் பரப்புவதும் அவர்களுக்கு இடப்பட்ட வேலைகள். பதினைந்து நாள் வெயிலில் நடந்து, கிடைத்ததை உண்டு, கட்டளைக்குக் கட்டுப்பட்டு, அடிபடுவதற்கு முன்பே உடலையும் உள்ளத்தையும் பதப்படுத்திக்கொண்ட இந்நடை ஓர் ஊர்வலமன்று, அதுவே பயிற்சிக்கூடம்.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் என்பவர் மூடர் அல்லர். சிறைக்குத் துணிந்தவனைச் சிறையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே தொண்டர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறிடுபவர்கள்மேல் பாய்ந்தார். சட்டவிரோதமான கூட்டத்தாருக்கு இடங்கொடுப்பதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, யாத்திரிகர்களுக்கு உணவோ தங்க இடமோ அளிப்பவர்கள் ஆறு மாதம் சிறை செல்ல நேரிடும் என்று ஊர்தோறும் எச்சரிக்கை பரப்பப்பட்டது. சிறைக்கு ஆயத்தமானவர்கள் நூறு பேர். அவர்களுக்கு விருந்து படைக்கும் சம்சாரிகளோ எந்தப் பிரதிக்ஞையும் எடுத்தவர்கள் அல்லர், மாடும் வயலும் உள்ளவர்கள். இந்த இடத்தில் கயிறு அறுந்துவிடும் என்று கலெக்டர் எதிர்பார்த்தது நியாயமே.

அறவில்லை. உணவுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும்போது, எந்த இடத்து மண்ணைத் தோண்டினால் சோற்று அண்டாக்கள் கிடைக்கும் என்ற தகவல் வந்து சேர்ந்தது. மரத்தில் தொங்கும் பொட்டலத்தைக் கட்டியவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் நிரூபிப்பார்? இவ்வாறு மறைவாகச் செய்ததில் சத்தியாக்கிரகத்தின் வெளிப்படைத் தத்துவம் சற்றுக் குன்றுகிறதே என்று சாஸ்திரம் பேசுவோர் பேசலாம்; தஞ்சாவூர்ச் சம்சாரி சாஸ்திரம் பார்க்கவில்லை, அதிதி பசியோடு போகக்கூடாது என்பதை மட்டும் பார்த்தான். வெளிப்படையாகவே செய்தவரும் உண்டு. கும்பகோணத்தில், சட்டசபையில் முன்பு அங்கத்தினராக இருந்த வழக்கறிஞர் பந்துலு ஐயர், தொண்டர்களைத் தம் வீட்டில் ஏற்று விருந்தளித்து, அதற்காக ஆறு மாதச் சிறை பெற்றார். அரசாங்கத்தின்பால் ஜனங்களுக்கு எப்போதேனும் பக்தி இருந்திருந்தால் அது இப்போது மாண்டுவிட்டது என்ற கருத்துப்படத் தார்னே மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது. இத்துணை உண்மையை ஓர் அதிகாரி தம் மேலதிகாரிக்கு எழுதியதற்காக அவரையும் கொஞ்சம் மதிக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரணியம் சேர்ந்த தொண்டர்களை ஏற்று உபசரித்தவர் உப்பு வியாபாரியான வேதரத்தினம் பிள்ளை. உப்பளத்தில் பிழைப்பு நடத்தும் ஒருவர் உப்புச் சட்டத்தை மீறுவோருக்கு வீடு திறந்துவிடுவது, தம் கையால் தம் தொழிலுக்கு முடிவெழுதுவது. சிறையும் சொத்து இழப்பும் அவரைத் தேடி வந்தன. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பெடுத்தார், கைதானார், ஆறு மாதத் தண்டனை பெற்றார். தூத்துக்குடியின் கதை இங்கே திரும்பவில்லை. தலைமையைக் காங்கிரஸ்காரரான சந்தானம் ஏற்றார். தொண்டர்கள் அணி அணியாகச் சென்று உப்பெடுத்துக்கொண்டேயிருந்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் கைதாகி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற் பெண்மணியானார். ஒருவர் போனால் அடுத்தவர் யார் என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது. வடக்கே தண்டியிலும் இதே ஏற்பாடு: மே மாதத்தில் காந்தியடிகள் நள்ளிரவில் கைதானபோது அப்பாஸ் தயாப்ஜி, அவருக்குப் பின் சரோஜினி நாயுடு. இப்படி வரிசைப்படி வந்த தலைவர்களுக்குச் சர்வாதிகாரி என்று பெயரிட்டார்கள். சில வாரங்களிலோ சில நாட்களிலோ சிறைக்குப் போவதே முக்கிய அதிகாரமாகக் கொண்ட சர்வாதிகாரிகளை உலகம் வேறெங்கும் கண்டிராது. இந்த ஏற்பாட்டின் அருமை 1942இல் அது இல்லாதபோதுதான் தெரிந்தது. ஆகஸ்டு 9ஆம் தேதி விடியற்காலையில் தலைவர்கள் எல்லாரையும் ஒருங்கே வாரிக்கொண்டு போனபின், என்ன செய்ய வேண்டுமென்ற திட்டம் எவர் கையிலும் இல்லாமையால், தண்டவாளங்கள் பெயர்ந்தன, தந்திக் கம்பிகள் அறுந்தன, தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது.

வேதாரணியத்து ஜனங்கள் போலீஸாரைப் பகிஷ்கரித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைரப்பன் என்ற நாவிதர், தம்மிடம் முகம் மழிக்க உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிவிட்டார் என்றும், நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டபோது மீதியைத் தாங்களே மழித்துவிடுங்கள் என்றார் என்றும் அவ்வூரில் சொல்லுவார்கள். அவர் சிறை சென்றார்; இன்று அவருக்கு நினைவுத்தூண் உண்டு. கதையில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் பகிஷ்காரம் சவரத்தோடு நிற்கவில்லை, சோறும் பொருள்களும் மறுக்கும் அளவுக்குச் சென்றது. எதிராளிக்கு உணவும் நீரும் மறுப்பதைக் காந்தியடிகள் ஒப்பியவரல்லர். சோறிடுவதைக் குற்றமாக்கிய கலெக்டருக்கு அதே பாணியில் விடை கொடுத்தது இயற்கையே என்றாலும், அங்கே சாத்வீகத்தின் எல்லைக்கோடு மிகவும் மெலிந்துபோயிற்று என்றே கருதுகிறேன்.

1931 மார்ச்சு 5ஆம் தேதி ஏற்பட்ட காந்தி இர்வின் ஒப்பந்தத்தின்படி சாத்வீகக் கைதிகள் வெளிவந்தார்கள். உப்பு விளையும் கடற்கரை ஊரார் தம் உபயோகத்துக்கு உப்பு எடுக்கவும், தம் கிராமத்துக்குள் விற்கவும் இடம் கிடைத்தது. வசூலாகிவிட்ட அபராதத்தையோ, ஏலத்தில் மூன்றாமவர் கைக்குப் போய்விட்ட நிலத்தையோ திருப்பிக் கொடுக்க அரசாங்கம் இசையவில்லை. ஜனங்களின் பலம் எங்கே இருக்கிறது, பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை அதுவும் படித்துக்கொண்டிருந்தது. 1932இல் இயக்கம் மறுபடி தொடங்கியபோது அவசரச் சட்டங்களும், தடியடியும், பெருந்தொகை அபராதங்களும், சொத்துப் பறிமுதலும் முன்னுக்கு வந்தன. 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகம் நடந்தபோது, இன்ன நாளில் இன்ன இடத்தில் யுத்த எதிர்ப்புப் பேசப்போகிறேன் என்று மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு, மாலையணிந்து, வீட்டாரிடம் விடைபெற்று வந்து நின்ற சத்தியாக்கிரகியை, சில இடங்களில் போலீஸார் கைது செய்யாமலே விட்டுவிட்டார்கள். அவ்வாறு கைதாகாமல் எஞ்சியவர்கள் வீடு திரும்பவேண்டாம், கிராமம் கிராமமாகப் பேசிக்கொண்டே டில்லியை நோக்கி நடக்கட்டும் என்று காந்தியடிகள் உத்தரவிட்டார்.